தவணை முடிந்த சர்வரும் வணிகர் கடமையும்



நான் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருபவன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். ஆயினும் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்தை நம் உறுப்பினர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

2021-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. காலையில் கடை திறந்து சர்வரைப் போட்டால் ஒரு பில்கூடத் திறக்கவில்லை. பேரேடு, இருப்பு, பாக்கி விவரம் அனைத்தையும் யாரோ பூட்டிவிட்டார்கள். பணம் அனுப்பினால் திறந்து விடுவோம் என்று திரையில் ஒரு மிரட்டல். நகல் எடுக்கும் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் சர்வரிலேயே செருகி வைத்திருந்தோம். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

நாங்கள் பணம் அனுப்பவில்லை. அனுப்பினாலும் திறப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுப் பீரோவில் 40 நாளுக்கு முந்தைய நகல் ஒன்று கிடந்தது. இடைப்பட்ட நாட்களின் கணக்கை, கிட்டங்கியில் இருந்த பில் பிரதிகளையும் லாரி ரசீதுகளையும் வைத்து மீண்டும் ஏற்றினோம். விடுபட்டவற்றுக்குச் சில்லறைக் கடைக்காரர்களையே கேட்டோம். பெரும்பாலோர் தங்கள் சிட்டையைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, என் பாக்கி இவ்வளவு" என்று நேர்மையாகச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அவர்களைக் குறை கூற என்னிடம் கணக்கு இல்லை.

தவறு யாருடையது? எங்கள் சர்வரில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கு அளித்துவந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சர்வரைப் பராமரிப்பவர் இரண்டு முறை சொன்னார். "நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவன் நானே. வீட்டிலிருந்து விற்பனை பார்ப்பதற்காக, வெளியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியையும் இரவு பகலாகத் திறந்து வைத்திருந்தோம். பாஸ்வேர்டு, கடைப் பெயரும் 123-ம்.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

கிட்டங்கியில் எலி புதிது புதிதாக ஓட்டை போடும். கொத்தனார் வந்து அடைத்துக்கொண்டே இருந்தால் சரக்கு தப்பும். மென்பொருளிலும் அவ்வாறே நாள்தோறும் புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்குத் தயாரித்த நிறுவனம் அனுப்புவதே அப்டேட். ஆதரவு முடிந்தால் கொத்தனார் வருவது நின்றது என்று பொருள். சர்வர் நின்றுவிடாது, முன்போலவே பில் போடும். நாம் ஏமாறுவது இங்கேதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிய பதிப்புக்கு அடைப்பு வெளியிடும்போது, பழைய பதிப்பில் ஓட்டை எங்கே என்பதையும் திருடன் அதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறான்.

2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற பூட்டு வைரஸ் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதமே அடைப்பு வந்திருந்தது. ஆதரவு முடிந்த எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றுக்கு வைரஸ் பரவிய பிறகே பொதுவாகத் தரப்பட்டது. ஆனால் மிகுதியாகச் சிக்கியவை, ஆதரவு இருந்தும் அப்டேட் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களே. அடுத்த மாதமே அதே ஓட்டையையும் பயன்படுத்திய 'நாட்பெட்யா' வைரஸால் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையத்தின் வேலை தடைப்பட்டது.

செய்ய வேண்டியவை

1. கடையிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரின் விண்டோஸ் பதிப்பையும், அதன் ஆதரவு முடியும் தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14. சர்வர் 2012: 2023 அக்டோபர் 10. விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14. சர்வர் 2016: 2027 ஜனவரி 12. கணக்கு மென்பொருளையும் இன்டர்நெட் ரூட்டரையும் இத்தாளில் சேருங்கள்.

2. தேதி கடந்ததை மாற்றுவதே முறை. சில பதிப்புகளுக்குப் பணம் கட்டி அப்டேட்டை மேலும் சில காலம் பெறலாம். அது தவணை நீட்டிப்பே தவிரத் தீர்வு ஆகாது.

3. உடனே மாற்ற இயலாவிட்டால், பழைய சர்வரையும் அதனோடு இணைந்த பில் கம்ப்யூட்டர்களையும் இன்டர்நெட்டிலிருந்து துண்டியுங்கள். கடைக்குள் பில் போட இன்டர்நெட் பெரும்பாலும் தேவையில்லை. ஜி.எஸ்.டி. தாக்கல், இ-வே பில், வங்கி, ஈமெயில் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு புதிய கம்ப்யூட்டர் வையுங்கள். அதைச் சர்வரோடு இணைக்காதீர்கள். கண்ட பென் டிரைவையும் சர்வரில் செருக விடாதீர்கள்.

4. வெளியிலிருந்து நுழையும் வழியை மூடுங்கள். பராமரிப்பவருக்குத் தேவைப்பட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள்.

5. ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். வேலையை விட்டு நின்றவர் பெயரை அன்றே நீக்குங்கள்.

6. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, பேரேடு சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

7. பழைய சர்வரைக் காயலான் கடைக்குப் போடுமுன், அதிலுள்ள கணக்கை முற்றிலும் அழிக்கச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது வைரஸைக் காரணம் காட்டுவதை விட, நகலை எடுத்து நீட்டுவதே நமக்குக் கௌரவம்.

புதிய சர்வர் வாங்கும் செலவு பெரிதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தத் தீபாவளிக்கு நான் இழந்தது அதைவிட அதிகம். ஆகவே உறுப்பினர்கள் இன்று இரவு கடை அடைக்குமுன் இரண்டு காரியம் செய்ய வேண்டுகிறேன். செருகியிருக்கும் நகல் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். நாளைக் காலை வந்து மேற்சொன்ன தாளை எழுதும்படி பராமரிப்பவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.