ஒப்பாரி சொல்லும் வைத்தியம்

திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்திலிருந்து ஓர் அம்மாளை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். "நெஞ்சை அடைக்குதுன்னு சொல்றாங்க டாக்டர். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. இதயத்துல ஒண்ணும் இல்லையாம்" என்றார்.

கணவர் காலமாகி மூன்று மாதம். ஒப்பாரி வைக்க வந்த பெண்களை, "அம்மாவுக்கு பி.பி. இருக்கு, அழ வைக்காதீங்க" என்று மகன்தான் தடுத்திருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். உங்களில் பலரும் இப்படித்தானே செய்கிறீர்கள்?

ஒப்பாரி என்றால் ஒப்புச் சொல்லி அழுவது. சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் இறந்தவரின் பெருமை. அடுத்து, அவர் போனபின் தன் கதி என்ன என்ற முறையீடு. ஒருத்தி பாட, மற்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து அழுவார்கள். வந்தவர்கள் தங்கள் வீட்டு இழப்பையும் சேர்த்தே அழுவார்கள். 'உனக்கு மட்டும் வந்ததல்ல இது. நாங்களும் தாண்டி வந்தோம்' என்பதுதான் அந்தப் பாட்டின் உட்பொருள்.

இது நேற்று வந்த வழக்கமல்ல. சங்க இலக்கியம் இதைக் கையறுநிலை என்கிறது. தந்தை பாரியை இழந்த மகளிர் பாடியது புறநானூற்றில் 112-ஆம் பாட்டு. முற்றும் துறந்த பட்டினத்தாரே தாயைப் பறிகொடுத்தபோது பாடி அழுதார்.

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் 14. தும்மல், பசி, தூக்கம் போலக் கண்ணீரும் அதில் ஒன்று. அடக்கினால் தலைநோய், கண்நோய், பீனிசம் வரும் என்பார்கள். அதற்காக அழுகை ஒன்றே மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆறுதலான துணையோடு அழும்போதுதான் மனசு லேசாகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* நெஞ்சுவலி என்றால் துக்கம்தான் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் இதயப் பரிசோதனை.

* பி.பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். அழட்டும்; மாரில் ஓங்கி அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* "அழாதே" என்பதற்குப் பதில் பக்கத்தில் உட்காருங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள். வேளைக்குக் கஞ்சியாவது கொடுங்கள்.

* ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலை செய்ய முடியாதபடி துக்கம் வாட்டினால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

* "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

அந்த அம்மாளிடம், "ஐயாவைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசினார். பேச்சு மெள்ள ராகமாயிற்று. மகன் தடுக்க எழுந்தார். கை காட்டி உட்கார வைத்தேன். கடைசியில் அவரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா இறந்தபின் அவர் அழுவது அதுவே முதல்முறையாம்!

நெஞ்சடைப்பு அன்றே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரம் வந்தபோது, "ராத்திரி கொஞ்சம் தூங்கினேன் ஐயா" என்றார்.