நோயாளியின் தலைமாட்டில் இருப்பவருக்கு



பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாயாரைத் தனியாளாகப் பராமரித்து வரும் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத்! இரவில் உம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் பதறி எழுந்துவிடுகிறேன். பகலிலும் நெஞ்சு படபடக்கிறது. இரண்டு ஜும்ஆவும் தவறிவிட்டது. என் ஈமான்தான் பலவீனமாகிவிட்டதோ?" என்று கண் கலங்கினார். வாய்விட்டுக் கேட்காமல் இதே கேள்வியோடு பல வீடுகளில் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

பயம் வருவது ஈமான் இல்லாததன் அடையாளமல்ல. சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் ஊர்வனபோல் தோன்றியபோது மூஸா (அலை) அவர்களின் உள்ளத்திலும் அச்சம் எழுந்ததைத் திருக்குர்ஆன் (20:67) கூறுகிறது. அதற்காக அல்லாஹ் தஆலா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அஞ்ச வேண்டாமென்று ஆறுதல் கூறி, கையிலிருப்பதைப் போடும்படி ஏவினான். அடுத்துச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் காட்டினான். நமக்கும் அதுவே பாடம். நாளை என்ன ஆகும் என்பது நம் கையில் இல்லை. இந்த வேளைக்குரிய மருந்தைக் கொடுப்பதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. அவற்றைச் செய்துவிட்டு, மற்றதை அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.

ஹிஜ்ரி 2-ம் ஆண்டு பத்ருப் போர் நடந்தபோது, உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களை உடனிருந்து கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்களே விட்டுச் சென்றார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்துப் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள். இது புகாரியில் உள்ளது. ருகையா (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை, அந்நாட்களிலேயே வஃபாத்தானார்கள். ஆயினும் அவருக்குரிய நன்மை குறையவில்லை. பணிவிடைக்கே கூலி, குணமளிப்பது அல்லாஹ்வின் வேலை.

கவனிக்க வேறு ஆளில்லாமல், விட்டுச் சென்றால் நோயாளிக்குத் தீங்கு நேருமென்றிருந்தால், ஜும்ஆவுக்குச் செல்லாமல் வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்ள அவருக்கு அனுமதியுண்டு. ஷாபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் இது தங்கடமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால், ஒரு மணி நேரம் உடனிருக்க ஒருவர் கிடைத்தால் அந்தத் தங்கடம் நீங்கிவிடும்.

இங்கேதான் நம் கடமை வருகிறது. நோய் விசாரிக்கப் போகும் நாம், பழத்தைக் கொடுத்து, நாலு வார்த்தை பேசித் திரும்பிவிடுகிறோம். தலைமாட்டில் கண் விழித்துக் கிடப்பவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேட்பதில்லை. "நீங்கள் ஜும்ஆவுக்குப் போய் வாருங்கள், நான் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் போதும், பாதிப் பயம் தெளிந்துவிடும். உதவி கேட்பதற்கு அவரும் வெட்கப்படக் கூடாது.

அந்தச் சகோதரரின் தெருவிலுள்ள இருவர் இப்போது முறைவைத்து உம்மாவின் அருகில் இருக்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்! நம் தெருவில் யார் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிகிறதென்று இன்றே விசாரிப்போமாக!