வேதச் சொல்லும் பொருளும்

வழக்கிலுள்ள மொழியில் சொற்கள் காலந்தோறும் பொருள் மாறி வருதல் இயல்பு. பழந்தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்தைக் குறித்தது. இன்று அச்சொல்லை அப்பொருளில் வழங்கினால் கேட்போர் முகஞ்சுளிப்பர். சங்கச் செய்யுட்களைக் கற்போர் இதனை அறிந்து, சொல் வரும் இடத்தை நோக்கியே பொருள் கொள்வர். வடமொழி வேதங்களைக் கற்போர்க்கும் இந்நெறி இன்றியமையாதது. வேதங்களுள் மிகப் பழமையானது இருக்கு வேதம். அதன்கண் 1,028 பாடல்கள் உள்ளன. அவை தோன்றி மூவாயிரம் ஆண்டுகள் ஆயின என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. நெடுங்காலம் அவை எழுதப்பெறாமல், ஆசிரியர் ஓத மாணவர் கேட்டு நெஞ்சில் நிறுத்தும் முறையிலேயே காக்கப்பட்டு வந்தன. அதனால் ஒலி பெரும்பாலும் சிதையாமல் நின்றது. பொருளோ அவ்வாறு நிற்கவில்லை.

ஓதுவோர்க்கே விளங்காத சொற்கள் காலப்போக்கில் பலவாயின. அத்தகைய அருஞ்சொற்களைத் தொகுத்து 'நிகண்டு' என்னும் பட்டியல் ஒன்று செய்தனர். நம் தமிழ் நிகண்டுகள் பெயர் பெற்றதும் இச்சொல்லால்தான். அப்பட்டியலுக்கு யாஸ்கர் என்னும் அறிஞர் விளக்கம் எழுதினார். 'நிருக்தம்' எனப்படும் அவ்விளக்கம் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். அந்நூலில் கௌத்சர் என்பாருடைய கொள்கை ஒன்று எடுத்துக்கூறி மறுக்கப்படுகின்றது. வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்பது அக்கொள்கை. வழியில் நிற்கும் கட்டையைக் கண்ணில்லாதான் காணாவிடின் அது கட்டையின் குற்றமாகாது என்று யாஸ்கர் விடையிறுத்தார். வேதத்தைத் தெய்வமாகப் போற்றிய சமுதாயத்திலேயே இத்தகைய ஐயம் எழுந்ததும், அதனை மறைக்காமல் நூலில் எழுதிவைத்து மறுத்ததும் பாராட்டத்தக்கன.

'அசுரன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்குக் கோரைப் பற்களும் கொடுஞ்செயல்களும் நினைவுக்கு வருகின்றன. இருக்கு வேதத்தின் பழைய பகுதிகளிலோ அது பெருமைக்குரிய பட்டம். வருணனும் இந்திரனும் அக்கினியும் சவிதா என்னும் கதிரவனும் அங்கே அசுரர் என்று போற்றப்படுகின்றனர். 'அசு' என்பது உயிராற்றல். அதனை உடையவன் அசுரன், அஃதாவது ஆற்றல் மிக்க தலைவன். வேத மக்களோடு மொழியால் உறவுடைய பழம் பாரசீகர் தம் முழுமுதற் கடவுளை 'அகுர மஸ்தா' என்றனர். வடமொழியின் 'அசுர' என்னும் சொல்லே அவர்கள் மொழியில் 'அகுர' என ஒலித்தது. இதில் ஒரு புதுமையும் உண்டு: நம் நாட்டில் கடவுளைக் குறித்த 'தேவ' என்னும் சொல், அவர்களிடம் 'தைவ' என்றாகித் தீய ஆவிகளைக் குறிக்கலாயிற்று!

பின்னெழுந்த பிராமண நூல்களில் அசுரர் தேவர்களின் பகைவராயினர். சொல்லின் முதலெழுத்தான அகரத்தை, 'அநீதி', 'அதருமம்' என்பவற்றில் வரும் எதிர்மறை அகரமாகப் பிற்காலத்தார் எண்ணினர். அதனை நீக்கி எஞ்சிய 'சுர' என்பதைத் தேவர்க்குப் பெயராக்கினர். இருக்கு வேதத்தில் அசுரர் உண்டு. தேவரைக் குறிக்கும் சுரர் இல்லை. பொருள் மயக்கத்தால் புதிய சொல் ஒன்றே பிறந்துவிட்டது.

ஒலியின் ஏற்றத்தாழ்வும் பொருளை மாற்றும் என்பதை அக்காலத்தார் ஒரு கதையால் விளக்கினர். இந்திரனால் தன் மகனை இழந்த துவட்டா என்பவன், இந்திரனைக் கொல்ல வல்ல வேறொரு மகனை வேண்டி வேள்வி செய்தான். அவன் கூறிய சொல் 'இந்திரசத்துரு' என்பது. அதன் இறுதி அசையை எடுத்து ஒலித்தால் வேற்றுமைத் தொகையாகி, 'இந்திரனைக் கொல்வோன்' எனப் பொருள்படும். முதலசையை எடுத்து ஒலித்தால் அன்மொழித் தொகையாகி, 'இந்திரனைத் தன் கொலைஞனாக உடையவன்' எனப் பொருள்படும். துவட்டா முதலசையை எடுத்து ஒலித்தான்; பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். இலக்கணம் கற்பதன் பயனைக் கூறுமிடத்துப் பதஞ்சலி முனிவரும் இதனைச் சுட்டுகின்றார்.

இது கதை. வேதச் சொல் ஒன்றன் திரிபு மெய்யாகவே மாந்தர் உயிரைத் தொட்ட வரலாறும் உண்டு. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் பதினெட்டாம் பாடல் ஈமச் சடங்கிற்கு உரியது. அதன் ஏழாம் செய்யுள், இறந்தவனுக்கு இறுதிக் கடன் செய்யுமிடத்தில் கூடிய மகளிரைப் பற்றியது. கணவருடன் வாழும் அம்மகளிர் கண்ணுக்கு மையும் நெய்யும் இட்டு, கண்ணீரும் நோயும் இன்றி, நல்லணி பூண்டு, முதலாவதாகத் தமக்குரிய இடத்தில் ஏறுக என்பது அதன் கருத்து. ஈண்டு 'முதலாவதாக' எனப் பொருள்படும் சொல் 'அக்ரே' என்பது.

பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தில் வாழ்ந்த தரும நூலாசிரியர் இரகுநந்தனர், கணவன் இறந்தபின் மனைவி உடன்கட்டை ஏறுதலைப் பற்றி எழுதுமிடத்தில் இச்செய்யுளை மேற்கோளாகக் காட்டினார். அவருடைய நூலில் அச்சொல் 'அக்னே:' என்று காணப்பட்டது. ரகரம் னகரமாயிற்று, ஈற்றில் இரு புள்ளிகள் சேர்ந்தன. 'முதலாவதாக இடத்தில் ஏறுக' என்பது 'தீயின் இடத்தில் ஏறுக' என்றாகிவிட்டது. இது வேண்டுமென்றே செய்த திரிபா, ஏடு எழுதுவோர் பிழையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கோல்புரூக் என்னும் ஆங்கில அறிஞர் 1795-இல் வெளியிட்ட கட்டுரையில் இச்செய்யுளைத் தீப்புகுதலுக்குரிய மந்திரமாகவே மொழிபெயர்த்தார். உடன்கட்டை வழக்கத்திற்கு வேதமே சான்று என்னும் எண்ணம் அதனால் மேலும் வலுப்பெற்றது.

இவ்வோரெழுத்தினால்தான் அக்கொடிய வழக்கம் தோன்றிற்று என்று கருதுதல் பொருந்தாது. அவ்வழக்கம் இரகுநந்தனர்க்கு மிக முற்பட்டது. முன்பே இருந்த வழக்கத்திற்கு இவ்வெழுத்து வேதப் போர்வை போர்த்தியது என்று கூறலாம். வங்க மாகாணத்தில் 1815 முதல் 1828 வரை அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு எரியுண்டனர். கணக்கில் வராதவர் எத்துணையரோ! இராசாராம் மோகனர் 1818 முதல் இதனைக் கண்டித்து நூல்கள் எழுதினார். கைம்பெண் நோன்பிருந்து வாழ்தலையே மனுநூல் விதித்தது என்பது அவர் காட்டிய சான்றுகளுள் தலையாயது. 1829-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், பெண்டிங்கு பிரபு அவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தார்.

அச்செய்யுளின் உண்மைப் பொருளை வில்சன் என்னும் அறிஞர் 1854-இல் விளக்கி எழுதினார். அவர் கண்ட சான்றுகள் எளியவை. ஒன்று, இருக்கு வேதத்தின் பாடம் 'அக்ரே' என்பதே. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்தில் வாழ்ந்த உரையாசிரியர் சாயணரும் அதற்கே உரை எழுதினார். மற்றொன்று, அம்மகளிரைக் குறிக்க அச்செய்யுளே 'அவிதவா' என்னும் சொல்லை ஆளுகின்றது. விதவை அல்லாதவர் என்பது அதன் பொருள். கணவன் உயிரோடிருக்கும் மகளிரைச் சிதையில் ஏறுமாறு எச்சடங்கும் கூறாது அன்றோ? ஓரெழுத்தை மாற்றியவர் இச்சொல்லை மாற்றவில்லை.

'விதவா' என்னும் அச்சொல்லின் வரலாறும் 'அசுரன்' வரலாற்றை ஒத்ததே. 'வி' என்பது நீக்கத்தைக் குறிப்பதென்றும், 'தவ' என்பது கணவனைக் குறிப்பதென்றும் பிரித்துப் பொருள் கூறுவர். யாஸ்கர் காட்டும் காரணங்களுள்ளும் இத்தகையது ஒன்று உண்டு. ஆனால் இலத்தீன் மொழியின் 'விதுவா', ஆங்கிலத்தின் 'விடோ' என்பன இதனோடு ஒரு வேரினவாதலின், அது பகுக்கத்தகாத பழஞ்சொல் என்று மொழிநூலார் கொள்வர். 'தவ' என்பது 'சுர' என்பதைப் போலவே பிரித்துப் பிறப்பித்த சொல்லாகும்.

ஏழாம் செய்யுளை அடுத்த எட்டாம் செய்யுளே அங்குள்ள கைம்பெண்ணை நோக்கிப் பேசுகின்றது. உயிரற்றவன் அருகில் கிடப்பவளே, எழுந்து வாழ்வோர் உலகிற்கு வா என்று அது அழைக்கின்றது. ஆசுவலாயனரின் கிருகிய சூத்திரம் சடங்கு முறையையும் கூறுகின்றது: கணவன் உடலருகே கிடத்தப்பட்ட மனைவியை, அவன் தம்பியோ மாணவனோ முதிய பணியாளனோ இச்செய்யுளை ஓதி எழுப்புதல் வேண்டும்.

வில்சன் கருத்தைக் கல்கத்தாவைச் சேர்ந்த இராதாகாந்த தேவர் மறுத்தார். 'சப்தகல்பத்துருமம்' என்னும் பெரிய வடமொழி அகராதியைத் தொகுத்த அவர், தைத்திரீயக் கிளையைச் சேர்ந்தவை எனச் சில வரிகளைச் சான்றாகக் காட்டினார். எனினும் இருக்கு வேதச் செய்யுளின் பாடம் அதனால் மாறவில்லை. மாக்சு முல்லர் 1849 முதல் 1874 வரை சாயணர் உரையுடன் ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த இருக்கு வேதத்திலும் அச்சொல் 'அக்ரே' என்றே நிற்கின்றது.