300 கோடி எழுத்துகளைக் கண்ணால் காண்பது எப்படி?

மனித உடலைப் பற்றிய செய்திகள் யாவும் நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களில் எழுதப்பட்டுள்ளன என்பதை மாணவியர் அறிவர். அந்தச் செய்தி ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகளால் ஆனது. ஒரு முழுத் தொகுதிக்கு ஜீனோம் என்று பெயர். மனித ஜீனோமில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன. வினாடிக்கு ஓர் எழுத்து வீதம், உண்ணாமல் உறங்காமல் ஒருத்தி படித்துக்கொண்டே போனாலும் முடிப்பதற்கு 95 ஆண்டுகள் ஆகும். லண்டனிலுள்ள வெல்கம் காட்சியகத்தார் இதை அச்சிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தடித்த தொகுதிகளாக அலமாரியில் அடுக்கிக் காட்சிக்கு வைத்தனர். ஒரு தொகுதியைப் பிரித்தால் பொடி எழுத்தில் இந்த நான்கு எழுத்துகளே பக்கம் பக்கமாக வரும். பார்ப்பவருக்கு வியப்பு உண்டாகும், விளக்கம் உண்டாகாது.

ஆகவேதான் எழுத்தைப் படமாக மாற்றும் கருவிகள் தேவைப்பட்டன. இவை கணிப்பொறியில் இயங்கும் செயல்நிரல்கள். ஆயினும் இந்த எண்ணம் கணிப்பொறியைவிட மூத்தது. 1911-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், டாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் பேராசிரியரிடம் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் என்ற 19 வயது மாணவர் பழ ஈக்களைப் பற்றி ஆராய்ந்துவந்தார். எந்தெந்தப் பண்புகள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன, எவை எளிதில் பிரிகின்றன என்ற கணக்கு அவரிடம் இருந்தது. எளிதில் பிரிபவை குரோமோசோமில் தொலைவில் இருக்கவேண்டும், பிரியாதவை அருகருகே இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அன்றிரவு வீட்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ஜீன்களை ஒரே நேர்கோட்டில் வரிசையாக அமைத்து உலகின் முதல் ஜீன் வரைபடத்தை வரைந்தார். (வீட்டுப் பாடம் எழுதாத மாணவியர் இதைச் சான்றாகக் காட்டலாகாது!) ஆறு பண்புகளைக் கொண்ட அந்த ஆய்வு 1913-இல் வெளியாயிற்று. இன்றைய கருவிகள் காட்டுவதும் அந்த நேர்கோட்டைத்தான்.

இக்கருவிகளுள் பெரிதும் பயன்படுவது யூ.சி.எஸ்.சி. ஜீனோம் பிரௌசர். அது பிறந்த கதை சுவையானது. 2000-ஆம் ஆண்டில் மனித ஜீனோமைப் படித்து முடிப்பதில் பல நாடுகளின் பொதுத் திட்டத்துக்கும் செலெரா என்ற தனியார் நிறுவனத்துக்கும் போட்டி நடந்தது. பொதுத் திட்டத்தாரிடம் துண்டு துண்டாக எழுத்துகள் இருந்தனவே தவிர, அவற்றைக் கோத்து வரிசைப்படுத்த நிரல் இல்லை. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஜிம் கென்ட் அந்தப் பொறுப்பை ஏற்றார். நான்கே வாரங்களில் நிரலை எழுதினார். தட்டச்சு செய்து செய்து வலித்த மணிக்கட்டுகளுக்கு இரவில் பனிக்கட்டி வைத்துக்கொள்வாராம். ஜூன் 22-இல் வேலை முடிந்தது. ஜூலை 7-இல் அந்த எழுத்துத் தொடர் உலகிலுள்ள எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடப்பட்டது. ஜீன்களுக்குக் காப்புரிமை வாங்கிப் பூட்டிவிடுவார்களோ என்ற கவலைதான் அவரை அப்படி விரைய வைத்தது. ஒரு புழுவின் ஜீன்களைப் பார்ப்பதற்கென முன்பு தாம் எழுதியிருந்த சிறு நிரலை விரிவாக்கி, மனித ஜீனோமைப் பார்க்கும் கருவியையும் அவரே அமைத்தார். இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கப்பட்ட என்செம்பல் என்பதும் இத்தகையதே. இரண்டும் இன்றும் இலவசம்.

இந்தக் கருவி எப்படிக் காட்டுகிறது? ஓர் இருப்புப்பாதையை நேர்கோடாக வரைவதாகக் கொள்வோம். அதன் கீழே முதல் வரியில் நிலையங்களையும், அடுத்த வரியில் நிலத்தின் உயரத்தையும், அதற்கடுத்ததில் மழையளவையும் கிலோமீட்டர் பிசகாமல் குறித்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் என்னென்ன உண்டு என்பது மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் தெரிந்துவிடும் அல்லவா? ஜீனோம் பிரௌசரும் அவ்வாறே. மேலே எழுத்துகளின் வரிசை எண். கீழே அடுக்கடுக்காகத் தடங்கள். ஒரு தடம் ஜீன்களைக் காட்டும். இன்னொன்று எலி, கோழி, மீன் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, மாறாத பகுதிகளை மேடாகக் காட்டும். தனித்தனியே பலர் பல நாடுகளில் கண்டறிந்தவை இங்கே ஒரே கோட்டின்கீழ் வந்து சேர்கின்றன.

பள்ளிக் கணிப்பொறியிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் எச், பி, பி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். 11-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு ஜீன் தோன்றும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்வது இதுவே. மூன்று பெட்டிகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகளும் தெரியும். பெட்டிகளில் இருப்பதே புரதமாகும் செய்தி. கோட்டின்மேல் உள்ள அம்புக்குறிகள் இடப்பக்கம் நோக்கி இருப்பதைக் கவனியுங்கள். இந்த ஜீனை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும்.

இதன் முதற்பெட்டியில் ஒரே ஓர் எழுத்து மாறினால் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளூடமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்த குழந்தைக்கு, ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துத் தாங்க முடியாத வலியைத் தரும். அரிவாள் அணு நோய் என்பது இதுவே. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்கூறு உண்டென்று 1952-இலேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதினர்.

ஒருவருக்கு இம்மாற்றம் உண்டா என்று பார்க்க மற்றொரு கருவி உண்டு. அமெரிக்காவின் பிராட் நிலையத்தில் உருவாகி, 2011-இல் அறிவிக்கப்பட்ட ஐ.ஜி.வி. என்பது அதன் பெயர். ஜீனோமைப் படிக்கும் இயந்திரம் ஒரே இடத்தைச் சிறு துணுக்குகளாகப் பலமுறை படிக்கிறது. ஐ.ஜி.வி. அத்துணுக்குகளைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். வழக்கமான எழுத்தாயின் சாம்பல் நிறம். மாறியிருந்தால் ஏ பச்சை, சி நீலம், ஜி ஆரஞ்சு, டி சிவப்பு. முப்பது துணுக்குகளில் ஒன்றில் மட்டும் பச்சைப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் பிழை. பாதியில் இருந்தால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது. அவர் நோயைச் சுமப்பவரேயன்றி நோயாளி அல்லர். எல்லாவற்றிலும் இருந்தால் நோய். மாற்றங்கள் துணுக்குகளின் ஓரத்திலேயே குவிந்திருந்தாலோ, ஒரே திசையில் படித்தவற்றில் மட்டும் தென்பட்டாலோ ஐயப்படவேண்டும். கணிப்பொறி "மாற்றம் உண்டு" என்று பட்டியலிட்டதை, ஒரு தாயிடம் சொல்லுமுன் பயிற்சி பெற்ற ஒருவர் இந்தப் படத்தில் கண்ணால் சரிபார்க்கிறார். பட்டியலை அப்படியே நம்பாமலிருக்கப் படம் துணைசெய்வதே இதன் பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

மீண்டும் பிரௌசருக்கு வருவோம். சற்று விலகிப் பெரிய பரப்பைப் பார்த்தால், நம் ஜீனுக்கு வலப்பக்கம் அதன் உறவினர் போன்ற வேறு நான்கு ஜீன்கள் தெரியும். வலக்கோடியில் இருப்பது கரு உருவான முதல் வாரங்களில் வேலை செய்வது. அதற்கு அடுத்த இரண்டும் வயிற்றில் வளரும் சிசுவுக்கானவை. அதன்பின் சிறிதளவே வேலை செய்யும் ஒன்று. இடக்கோடியில் பிறந்தபின் உழைக்கும் நம் எச்.பி.பி. வாழ்க்கையின் வரிசையிலேயே ஜீன்களும் நிற்கின்றன! சிசுவின் ஜீன்கள் பிறந்தபின் ஏன் ஓய்ந்துவிடுகின்றன? 2-ஆம் குரோமோசோமிலுள்ள பி.சி.எல்.11ஏ என்ற ஜீன் அவற்றை அடக்கிவைக்கிறது. அதை இரத்த அணுக்களில் முடுக்கிவிடும் இடத்தை 2013-இல் கண்டனர். அது பெட்டிக்குள் இல்லை. பயனற்றதென்று பலர் எண்ணிய மெல்லிய கோட்டின் நடுவே இருந்தது. டி.என்.ஏ. திறந்திருக்கும் இடங்களைக் காட்டும் தடத்தில் அங்கே மேடுகள் எழுந்திருந்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களில் அவ்விடத்தை வெட்டித் திரும்பச் செலுத்தினால் சிசுவின் ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. கேஸ்ஜெவி என்ற இச்சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர்; மலைக்கிராமத்துப் பெற்றோருக்கு எட்டாத தொகை.

அடுத்து தேட வேண்டியது பி.சி.எல்.11ஏ. அதில் பெட்டிகள் மெல்லிய கீற்றுகளாகவே தென்படும். திரையை நிரப்பி நிற்பது இடைப்பட்ட கோடுதான்.