ஒரே வேரிலிருந்து ஒரு காடு

சந்தனம் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூஜை அறை, அடுத்து வீரப்பன். 2004-ல் வீரப்பன் இறந்ததோடு சந்தன மரத்தின் கதையும் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். வெட்டுண்ட மரங்களைப் பற்றியே பேசியதால் வந்த எண்ணம் இது. மிஞ்சிய மரங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

ஒரே இன மரங்களிலும் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்று வறட்சியைத் தாங்கும். ஒன்றில் எண்ணெய் அதிகம். இன்னொன்று நோயை எதிர்த்து நிற்கும். இந்த வேறுபாடுகளின் தொகுப்பே மரபுப் பன்மை. இரண்டு மரங்களின் குணங்கள் விதையில் கலப்பதால் அது தலைமுறைதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

சந்தனத்தின் வேரிலும் எண்ணெய் உண்டு. ஆகவே மரத்தை வேரோடு தோண்டி எடுப்பார்கள். மண்ணில் தங்கிய வேர்த்துண்டுகள் மறுபடி துளிர்க்கும். பார்வைக்குக் காடு திரும்பிவிட்டது போலிருக்கும். ஆனால் அத்தனை கன்றுகளும் தாய்மரத்தின் அச்சுப் பிரதிகளே! சந்தனப் பூ தன் சொந்த மகரந்தத்தால் அரிதாகவே காய்க்கும். சுற்றிலும் தானே நிற்கும்போது தேனீ எங்கே போய் வேற்று மகரந்தம் கொண்டு வரும்? காய் குறைகிறது, பழம் தின்று விதை பரப்பும் பறவைகளும் அந்தப் பக்கம் வருவதில்லை.

திருடனும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. வைரம் பாய்ந்த மரத்தையே தேடுகிறான். விதை கொடுக்க மிஞ்சுவது சோனி மரம். நல்ல பசுவை விற்றுவிட்டு நோஞ்சானைக் கன்று ஈன வைத்துக்கொண்ட கதைதான்.

1899-ல் குடகில் 'ஸ்பைக்' நோய் கண்டறியப்பட்டது. இலைகள் சிறுத்துக் கொத்துக் கொத்தாகி மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். இன்றுவரை குணப்படுத்த வழியில்லை. தாங்கி நிற்கும் மரங்களைத் தேடிப் பெருக்கலாம். அதற்கு வேறுபாடு மிஞ்சியிருக்க வேண்டுமே!

திப்பு காலம் தொட்டு, சொந்த நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசுக்கே. தொல்லை எதற்கென்று கன்றிலேயே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. சட்டம் செய்த கெடுதல் திருடன் செய்ததற்குக் குறைவில்லை என்பேன். கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, நட்டவருக்கே மரத்தை உரிமையாக்கின.

மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் சந்தன ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் கன்று வாங்கும்போது, எத்தனை தாய்மரங்களின் விதை என்று நர்சரியில் கேளுங்கள். பக்கத்தில் துவரையும் ஊன்றுங்கள். சந்தனத்தின் வேர் அண்டைச் செடியின் வேரை உறிஞ்சித்தான் வளரும்.