சுவரைத் தொடாமல் நிறத்தை அறிவது

தீபாவளி நெருங்கினால் வடாலாவில் பல வீடுகளில் பெயின்ட் வேலை நடக்கும். பழைய பூச்சைச் சுரண்டுவார்கள். பச்சைக்கு அடியில் நீலம் தெரியும். நீலத்துக்கு அடியில் சுண்ணாம்பு தெரியும். நம் வீட்டுச் சுவரைச் சுரண்டலாம். அஜந்தா சுவரைச் சுரண்டலாமா?

அஜந்தா நம் மகாராஷ்டிராவில்தான் இருக்கிறது. தாதரில் ரயில் ஏறி ஜல்காவில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். மலையைக் குடைந்து செய்த 30 குகைகள் அங்கே உள்ளன. பல ஓவியங்கள் சுமார் 1500 ஆண்டுகள் பழமையானவை.

அன்று பெயின்ட் டப்பா கிடையாது. சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்து வந்தன. கறுப்பு, விளக்குப் புகையின் கரி. பச்சை, ஒரு வகைக் கல்லின் தூள். நீலக்கல் மட்டும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. லாரியும் ரயிலும் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

1920-ஐ ஒட்டி இத்தாலி நாட்டு நிபுணர்கள் இந்த ஓவியங்களைப் பழுதுபார்த்தார்கள். மேலே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நல்லது செய்யத்தான் பூசினார்கள். நாளடைவில் வார்னிஷ் மஞ்சளாகிவிட்டது. ஓவியத்தின் உண்மை நிறம் மங்கியது.

ஆகவே, ஓவியத்தில் கை வைக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். முன்பெல்லாம் ஒரு துளியைப் பெயர்த்து எடுத்துச் சோதிப்பார்கள். எடுத்த துளி போனது போனதுதான்.

இதற்கு வழி காட்டியவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். ஒரே நிற ஒளியை ஒரு பொருள் மீது பாய்ச்சினால், அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்புகிறது. இதை அவர் 1928-இல் கண்டார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு பொருளும் ஒளியை ஒவ்வொரு விதமாக மாற்றும். அது கைரேகை போன்றது. 1960-இல் லேசர் விளக்கு வந்தது. அதன் ஒளி ஒரே நிறம் கொண்டது, மிகக் கூர்மையானது. அதனால் இந்தச் சோதனை எளிதாயிற்று. இன்று சுவரைத் தொடாமலே, இது காவியா, செந்தூரமா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் லேசர் ஒளி சூடும் தரும். அளவு மீறினால் மஞ்சள் காவி சிவந்துவிடும். செங்கல் சூளையில் மண் சிவப்பது போலத்தான் இதுவும். ஈயத்தில் செய்த வெள்ளையும் செந்தூரமும் கறுத்துவிடும். 1500 ஆண்டுகள் தாங்கிய நிறம் நொடியில் கெட்டுப்போகும்.

எனவே ஆய்வாளர்கள் முதலில் அதே நிறத்தைத் தனிப் பலகையில் பூசுவார்கள். ஒளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். எந்த அளவில் நிறம் மாறத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஓவியத்தின் மேல் அதைவிட மிகக் குறைவான ஒளியைத்தான் பாய்ச்சுவார்கள்.