கரையோரக் குடும்பங்களும் பிரசவப் பையும்

பிரசவ வேதனை எந்த நாழிகையில் ஆரம்பிக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. எந்த மாதத்தில் ஆரம்பிக்கும் என்பது வீட்டார் யாவருக்கும் தெரியும். தெரிந்த மாதத்தைக் கொண்டு தெரியாத நாழிகைக்கு ஆயத்தமாயிருப்பதே விவேகம். வேம்பார் முதல் பெரியதாழை வரை நீண்டு கிடக்கும் முத்துக்குளித்துறைக் கரையில், மீன்பிடித் தொழிலாலும் உப்பளத் தொழிலாலும் துறைமுகக் கூலியாலும் ஜீவிக்கும் குடும்பங்களுக்கு இந்த ஆயத்தம் மிகவும் அவசியமாகும். அதன் காரணங்களும் முறைகளும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

முன்னாளும் இந்நாளும்

வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில், மருத்துவச்சி வருமுன் வெந்நீர், கத்தி, நூல், பழந்துணி ஆகியவற்றை எடுத்து வைப்பது வழக்கம். அக்கத்தியும் நூலும் அசுத்தமாயிருந்தமையால் தொப்புள் வழியே இசிவு நோய் பற்றி, பிறந்த சில நாட்களுக்குள் அநேக சிசுக்கள் மாண்டன. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான கருவி, ஆஸ்பத்திரிப் பிரசவம் ஆகியவை பரவியதன் பயனாக, இந்தியாவில் இந்நோய் பொதுச் சுகாதார ஆபத்தாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டதென்று 2015-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. 2019–21 தேசீயக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்ந்தன.

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்ற விவாதம் தீர்ந்தது. தாமதம் மட்டும் முற்றிலும் தீரவில்லை. பிரசவத்தில் தாய்மார் உயிரிழப்பதற்குக் காரணமாகும் தாமதங்கள் மூன்று என்று 1994-இல் தாடியஸ், மெய்ன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் வகுத்துக் காட்டினர். புறப்படத் தீர்மானிப்பதில் தாமதம் ஒன்று. போய்ச் சேர்வதில் தாமதம் மற்றொன்று. சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம் மூன்றாவது. முன்கூட்டிக் கட்டிவைத்த பை இம்மூன்றிலும் உதவுகிறது. பையைக் கட்டும் நாளிலேயே எங்கே போவது, எதில் போவது, யார் உடன் போவது என்ற தீர்மானங்களும் முடிந்துவிடுகின்றன. பைக்குள் இருக்கும் கடிதங்களோ, சேர்ந்த இடத்தில் வைத்தியர் காலதாமதமின்றி வேலையை ஆரம்பிக்க உதவுகின்றன.

எப்பொழுது கட்டுவது

சாதாரணமாக எட்டாம் மாதம் முடிவதற்குள் பை ஆயத்தமாயிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பிரசவம் எதிர்பார்க்கப்படுமாயின் ஏழாம் மாதத்திலேயே கட்டிவிடுவது உத்தமம். இக்கரையில் பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவக்காற்றினாலேயே பெய்கிறது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்ந்ததை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஓடிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. பாதைகள் அறுந்து, கிராமங்கள் தீவுகளாயின. மீனவர்களின் படகுகளும் மீட்பு வேலையில் இறங்கின. விமானப்படையின் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டவர்களுள் கர்ப்பிணி ஒருவரும் இருந்தார்.

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி சுமார் 40 கிலோமீட்டர். சாதாரண நாளில் இது பெரிய தூரமன்று. வெள்ள நாளில் அதைக் கடக்க வழியே இராது. ஆதலால் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன், நாள் நெருங்கிய கர்ப்பிணியைப் பையுடன் ஆஸ்பத்திரிக்கோ, அதன் அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கோ கொண்டு சேர்த்துவிட வேண்டும். 108 வண்டி 2008-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் இலவசமாக ஓடிவருகிறது. ஆயினும் பாதை இல்லாத இடத்தில் எந்த வண்டியும் வர இயலாது.

கடிதங்கள்

பையில் முதலில் வைக்க வேண்டியவை கடிதங்களே. துணி இல்லாவிடில் பக்கத்துப் படுக்கையாரிடம் கேட்டு வாங்கலாம். கடிதங்களை அவ்விதம் வாங்க இயலாது. கீழ்க்கண்டவற்றை மழைநீர் புகாத உறையில் இட்டு வைக்க வேண்டும்.

1. தாய் சேய் நல அட்டை. இரத்த அழுத்தம், இரத்தத்தின் வகை, இரத்தச் சத்தின் அளவு, முந்தைய பிரசவ விவரம் யாவும் இதில் உள்ளன.
2. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுக்கப்பட்ட 12 இலக்க எண். ‘பிக்மி எண்’ என்று வழங்கும் இது பிறப்புப் பதிவுக்கும் உதவித் தொகைக்கும் வேண்டியது.
3. ஸ்கேன் முடிவுகளும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும்.
4. ஆதார் அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் பிரதிகள்.
5. கர்ப்பிணியின் பெயரிலுள்ள பாங்குக் கணக்குப் புத்தகத்தின் பிரதி. ஆதாரிலும் கணக்கிலும் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது இந்நாட்டு வழக்கம். தருவைகுளத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்புக்குப் பின் மணப்பாட்டுக்குப் போகக்கூடும். வளையலும் பலகாரமும் அவளுடன் போக, அட்டை மாத்திரம் புருஷன் வீட்டுப் பெட்டியில் தங்கிவிடுவதுண்டு. இரத்தத்தின் வகையும் முந்தைய நோயும் தெரியாமல் புதிய இடத்து வைத்தியர் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து விசாரிக்க நேரிடும். அழைத்துப் போகிறவர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், தாய்வீட்டு ஊரின் நர்ஸிடம் அதைக் காட்டிவைப்பதும் கடமையாகும்.

துணிமணிகள்

தாய்க்கு: முன்புறம் திறந்து பால் கொடுக்க வசதியான தளர்ந்த உடைகள் மூன்று, உள்ளுடைகள், பாவாடை, பெரிய விடாய்ப் பட்டைகள், துவாலை இரண்டு, சோப்பு, சீப்பு, வழுக்காத செருப்பு, தட்டு, தம்ளர், வெந்நீர்க் குடுவை.

சிசுவுக்கு: மெல்லிய பருத்தித் துணிகள் ஆறேழு, குல்லாய் ஒன்று, போர்த்தும் துணி இரண்டு. பிறந்த குழந்தைக்குப் பழந்துணி உடுத்தும் முன்னோர் வழக்கம் நல்லதே; பலமுறை துவைத்த வேஷ்டியும் சேலையும் மிருதுவாக இருக்கும். ஆனால் அவற்றைக் கொதிநீரில் இட்டு, சோப்பினால் துவைத்து, நல்ல வெயிலில் முழுதும் உலர்த்தியிருக்க வேண்டும். கரையோரங்களில் வலையின் மீதும் மணலிலும் துணி உலர்த்தும் பழக்கம் உண்டு. அப்படி உலர்த்திய துணியில் மணலும் உப்பீரமும் தங்கிச் சிசுவின் தோலை உறுத்தும். கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, சுத்தமான உறையில் வைப்பதே முறை.

2015-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசாங்கம், அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆயினும் பிறந்த கணத்தில் சிசுவைத் துடைத்துப் போர்த்துவதற்கு வீட்டுத் துணியை ஆயத்தமாக வைத்திருப்பது நலம்.

பையில் சேர்க்கக் கூடாதவை

அந்துருண்டை முதலாவது. பூச்சி அரிக்காதிருக்க வேண்டிச் சிலர் இதைத் துணிகளுக்கிடையே போடுகிறார்கள். பிறவியிலேயே இரத்தத்தில் ஒருவகைக் குறையுள்ள சிசுக்களுக்கு இதன் ஆவி இரத்த அணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கும். அக்குறை எந்தக் குழந்தைக்கு இருக்கிறதென்று முன்னரே தெரியாதாகையால், எவருடைய பையிலும் இது கூடாது.

தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், பால் புட்டி, பால்மாவு ஆகியவையும் வேண்டாம். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் அன்பினால் ஏற்பட்டதே. ஆயினும் சிசுவின் வயிற்றுக்குள் முதலில் செல்ல வேண்டியது தாயின் சீம்பால். அதைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் ஆசி கூற விரும்பினால் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கலாம்.

கண்மை, தொப்புளில் தடவும் சாம்பல், எண்ணெய், பவுடர் ஆகியவையும் தள்ளத்தக்கவை. தொப்புளை உலர்ந்ததாக வைத்திருப்பதே போதும். நகைகளை வீட்டிலேயே பத்திரப்படுத்திவிடுக.

துணையும் தீர்மானமும்

பிரசவ அறையில் கர்ப்பிணிக்குத் துணையாக ஒரு ஸ்திரீ இருக்கத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-ஆம் வருஷம் முதல் இடம் அளிக்கப்பட்டது. பிள்ளை பெற்ற அனுபவமும் நிதானமும் உள்ளவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய மாற்றுடையையும் பையிலேயே வைக்க வேண்டும். அவருக்கு அசந்தர்ப்பம் நேரிடில் போகத்தக்க இரண்டாமவரையும் குறித்து வைக்க வேண்டும்.

தங்கு கடலுக்குப் போகும் படகுகளில் புருஷன் பல நாள் கரைக்கு வராதிருப்பது இத்தொழிலின் இயல்பு. “அவர் வரட்டும்” என்று காத்திருந்து நேரத்தைப் போக்குவது முதலாவது தாமதமாகும். பதினெட்டு வயது நிரம்பிய ஸ்திரீ தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் அளிக்கலாம். அவளுடைய கையெழுத்தே செல்லும். புருஷன் கடலுக்குப் புறப்படுமுன் இதைக் குடும்பத்தார் யாவரும் கூடிப் பேசி முடித்துவிட வேண்டும்.

பணம்

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம், தாய்க்கு உணவு ஆகியவை இலவசமாகக் கிடைக்க 2011-ஆம் வருஷத்து மத்திய அரசாங்கத் திட்டம் வகை செய்கிறது. வறிய குடும்பத்துப் பெண்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கிற்று. 2018-இல் அவ்வுதவி ரொக்கமும் பொருளுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்த்தப்பட்டது. ஆகையால் பிரசவத்துக்கென்று நகையை ஈடுவைத்து வட்டி கட்டுவது அவசியமன்று. உடன் இருப்பவரின் சாப்பாட்டுக்கும் பிரயாணத்துக்கும் வேண்டிய சிறு தொகையை மாதந்தோறும் சேர்த்துப் பையில் வைத்தால் போதும்.

பைக்காகக் காத்திராதிருக்க வேண்டிய சமயங்கள்

இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கடுந்தலைவலியுடன் கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, கடுஞ்சுரம், வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே புறப்பட வேண்டும். பை அகப்படாவிடில் அட்டையை மாத்திரம் எடுத்துக்கொண்டு போகலாம்; மற்றவை பிறகு வந்து சேரும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

பிரசவத்துக்குப் பின் தாய் உயிரிழப்பதற்குப் பெருங்காரணம் இரத்தப்போக்கு. 18 வயதுக்கு மேற்பட்டு, 45 கிலோ எடைக்குக் குறையாத, தேக ஆரோக்கியமுள்ள அங்கத்தினர் இரத்ததானம் செய்யலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை ஆலோசித்து முடிவு செய்வது நலம்.

1. இரத்த வகை தெரிந்த அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்கள் பெயர்களைப் புத்தகத்தில் பதிவது யார் பொறுப்பு?
2. நள்ளிரவில் அழைத்தால் வரச் சம்மதிக்கும் வண்டிகள் எவை? பாதை அறுந்தால் உதவும் படகு எது?
3. ஐப்பசி பிறக்குமுன், கிராம நர்ஸுடன் கலந்து, அம்மழைக் காலத்தில் பிரசவிக்க இருக்கும் குடும்பங்களை நேரில் கண்டு பை ஆயத்தமா என்று விசாரிக்கப் போகும் ஸ்திரீ அங்கத்தினர் யார்?

கட்டுமரமோ விசைப்படகோ, வலையும் நீரும் உணவும் சரிபார்க்காமல் இக்கரையில் எவரும் கடலில் இறங்குவதில்லை. வீட்டில் ஓர் உயிர் பிறக்கும் பிரயாணத்துக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்.